அழுத்தினால் சுருக்கம் போகாது

முக மசாஜ் செய்து கன்னமெல்லாம் கண்டிப்போய் இன்னொரு அம்மா என்னிடம் வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு முகச் சுருக்கத்தை எடுத்துவிடலாம் என்று, வீட்டுப் பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்து, தேசிக்காய்ப் புளியும் சீனியும் போட்டு அரை மணித்தியாலம் தேய்த்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கருநீலக் கண்டல், மூக்கோரம் தோல் உரிந்து எரிவு. கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர், இலேசில் கண்டிவிடும். அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

எத்தனை தரம்தான் சொல்வது? சுருக்கம் என்பது அழுத்தி அயன் பண்ணி எடுக்கச் சேலையில் விழுந்த மடிப்பல்ல. தோலுக்குள் இருந்து அதை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைந்ததால் வருவது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். வயல் வெயில் வேறு. போனதை விரலால் தேய்த்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மசாஜ் முடிந்ததும் முகம் இறுகிப் பளபளப்பது கூடுதல் இரத்தோட்டமும் இலேசான வீக்கமும்தான். சில மணித்தியாலத்தில் வற்றிவிடும். ‘நொந்தால்தான் பலன்’ என்பது சுத்தப் பொய்.

சரி, மசாஜே வேண்டாமா? தாராளமாகச் செய்யலாம். காலை வீக்கம் வடியும், இறுகிய தாடை இளகும், மனதுக்கும் சுகம். நகத்தை வெட்டி, கையைக் கழுவி, நாலைந்து துளி எண்ணெய் எடுங்கள். தோல் விரலோடு இழுபடக் கூடாது, விரல் வழுக்கிப் போகவேண்டும். நாடியிலிருந்து (மோவாய்) காதடிக்கு, மூக்கோரத்திலிருந்து நெற்றிப்பொட்டுக்கு. கண்ணைச் சுற்றி மோதிர விரல் மட்டும், அதன் பாரமே காணும். ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள்.

கழுத்தில் துடிப்புத் தெரிகிற இடத்தை ஒருபோதும் அழுத்தாதீர்கள். இதயத் துடிப்புக் குறைந்து மயக்கம் வரலாம், வயதானவர்களுக்குப் பாரிசவாதம் வரைக்கும் போகலாம்.

எங்கள் வன்னியில் இன்னொன்றும் கேட்கவேண்டும்: முகத்தில் செல் (எறிகணை) துண்டு ஏதும் இருக்கிறதா? 2009 போரில் பட்டதை எடுக்காமலே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். விரலில் கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் உருட்டிப் பார்க்க வேண்டாம், கையை எடுங்கள். வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கம் தொடாதீர்கள்.

பெயர் விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் பூசுகிற முகத்துக்கும் மசாஜ் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும், தோல் மெலிந்துபோயிருக்கும். தோல் வைத்தியரிடம் கிரீம் டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பார்லர் நடத்துகிற தங்கச்சிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அம்மாமாரின் முகத்தில் கை வைக்க முன் என்ன குளிசை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.