அலையில் ஓடிய குடிநீர் ஆலை

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலைகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. "அலை சும்மாதானே அடிக்குது, அதை வச்சே மோட்டாரை ஓட்டினா கரண்ட் பில்லே வராதே சார்?" என்று கடலோர ஊர்களில் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல கேள்வி, அதைச் செய்தும் பார்த்தாயிற்று.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று அமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் 1991-இல் ஓடத் தொடங்கியது. கடலில் ஒரு பெரிய கான்கிரீட் அறை, அதற்குள் அலை ஏறினால் மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளும், இறங்கினால் உள்ளே இழுக்கும், காற்று எந்தப் பக்கம் ஓடினாலும், மின்சாரம் எடுக்கச் சுழலும் சக்கரமான டர்பைன் ஒரே பக்கம்தான் சுற்றும். 2004-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இந்த மின்சாரத்திலேயே நாளுக்கு 10,000 லிட்டர் குடிநீர் தரும் ஆர்.ஓ. ஆலையை இணைத்தது. இன்று அது இயங்கவில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதைப் பிரிக்க மெம்பரேன் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வு) மீது 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும். பைக் டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம்தான். அந்த அழுத்தமும் சீராக இருக்க வேண்டும். அலையோ சில நொடிக்கொரு முறை ஏறி இறங்கும், தென்மேற்குப் பருவத்தில் மிரட்டும், ஜனவரியில் படுத்துவிடும். நான் பார்த்த ஓர் ஆலையில் தினமும் நாலைந்து முறை கரண்ட் போகும், நின்றதும் நல்ல தண்ணீர் விட்டு அலச யாரும் இல்லை, ஐந்து வருடம் வர வேண்டிய மெம்பரேன்களை இரண்டாம் வருடமே கழற்றிப் போட்டோம். அப்படி ஆகாமல் கரண்ட் சீராக வரத்தான் விழிஞ்ஞத்தில் டர்பைனுக்கும் ஆர்.ஓ. ஆலைக்கும் நடுவே பேட்டரி வைத்தார்கள்.

மின்சாரமே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. மிதவை ஏறி இறங்கும்போது அதனோடு கட்டிய பம்பே கடல்நீரை மெம்பரேனுக்குள் அழுத்தும். 1980-களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் புவேர்ட்டோ ரிக்கோ கடலில் இதைச் சோதித்தார்கள், இப்போது கனடாவின் ஒனேகா நிறுவனம் இதே வழியில் போகிறது. சின்ன ஊர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, உங்கள் ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் முதலில் இரண்டு விஷயம் கேளுங்கள். துருவும் பாசியும் பிடித்தால் கடலில் இறங்கிப் பழுதுபார்க்கப் போவது யார், அதற்கு வருடாவருடம் பணம் எங்கிருந்து வரும்? அப்புறம், 100 லிட்டர் எடுத்தால் 40 லிட்டர்தான் குடிநீர், மீதி 60 லிட்டர் உப்பு கூடிய நீராகத் திரும்பும், அதை எங்கே விடப்போகிறார்கள்? கரைவலை இழுக்கும் இடத்திலா?