குறுக்குத்துறைத் தண்ணீரும் பெரியப்பாவின் சிஆர்பியும்

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரிய வேண்டுமானால் நாங்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலைத்தான் பார்ப்போம். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற கோயில். படிக்கட்டு முங்கினால் ஒரு கணக்கு, மண்டபத்தின் கூரைவரை ஏறிவிட்டால் வேறு கணக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் வெள்ளத்தைக் கொண்டுவந்தது கோயில் இல்லை, மலையில் பெய்த மழை. பெரியவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளில் வருகிற, உடம்பில் எங்கோ தொற்றோ வீக்கமோ இருக்கிறது என்று காட்டுகிற சிஆர்பி என்கிற எண்ணையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

போன வருஷம் பாளையங்கோட்டையில் என் பெரியப்பாவுக்கு, வயது 71, முழு உடல் பரிசோதனை எடுத்தோம். தாளை வாங்கியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சிஆர்பிக்கு நேரே தடித்த எழுத்தில் இருந்த 18ஐ விரலால் தொட்டுக் காட்டினார். “ஏல, பதினெட்டுன்னு போட்டுருக்கே, எனக்கு நெஞ்சுல கோளாறால?”

நான் அவர் வாயைப் பார்த்தேன். “அது இருக்கட்டும் பெரியப்பா, நாலு நாளா ஏன் ஒரு பக்கமாவே மெல்லுதிய?”

கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது.

உடைமுள் காலில் ஏறினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. வெள்ளையணுக்கள் ஓடிவந்து சண்டை போடுகிற இடம். அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் பொருள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் உடனே சிஆர்பி என்ற புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். பெரிய தொற்று என்றால் வழக்கமான அளவைப்போல ஆயிரம் மடங்குகூட ஆகலாம். பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் போதும், அதனால் காரணம் போனதும் எண்ணும் வடிந்துவிடும். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டார்கள். அப்போது இதயத்தோடு இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதயத்துக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்தது? கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அதைத் தின்று தீர்க்க வருகிற வெள்ளையணுக்கள் தின்று தின்று நுரைத்துப்போய் அங்கேயே கிடக்கின்றன, சில செத்தும் போகின்றன, கொழுப்பு படிகமாக உறைந்து ஊசிபோல் குத்துகிறது, அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வெள்ளையணுக்கள் வருகின்றன. முள் குத்திய காலில் நடப்பது இங்கே வருஷக்கணக்காக, வலியே இல்லாமல் நடக்கிறது. இந்தக் கொழுப்புத் திட்டின்மேல் பாலாடைபோல் ஒரு மூடி இருக்கும். அழற்சி அந்த மூடியை உள்ளிருந்தே அரிக்கிறது. மெலிந்து மெலிந்து ஒருநாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருகிறவைதான்.

இந்தச் சின்னக் கனலை வழக்கமான சிஆர்பி சோதனையால் பிடிக்க முடியாது. அதற்கென்றே நுண்ணளவு சிஆர்பி சோதனை இருக்கிறது, தாளில் ஹெச்எஸ்-சிஆர்பி என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் இதயக் கணக்கையே போடக் கூடாது. எங்கோ தொற்றோ காயமோ இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள்: சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கில் எழுதும். அங்கே 0.3 என்றால் லிட்டர் கணக்கில் 3. எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியானவர்களையும் தெரியும், பதறியவர்களையும் தெரியும்.

வயதானவர்களிடம் சிக்கல் கூடுதல். வயது ஏற ஏற இன்டர்லூக்கின்-6 தானாகவே கொஞ்சம் கூடுகிறது, முதுமையோடு வரும் இந்த மெல்லிய அழற்சிக்கு 2000ஆம் ஆண்டில் ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலிய விஞ்ஞானி தனிப் பெயரே வைத்தார். தொந்தியின் கொழுப்பும் இன்டர்லூக்கின்-6ஐச் சுரக்கிறது. பீடி புகை ஒரு பக்கம், ஆச்சிமார் வாயில் அடக்கி வைக்கிற புகையிலையால் கெட்டுப்போகும் ஈறு இன்னொரு பக்கம். ஈஎஸ்ஆர் என்று இன்னொரு பழைய சோதனை உண்டு: ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்து ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகைக்கும் ஏறும், வயதுக்கும் ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதிவரை போகலாம் என்பது தோராயக் கணக்கு. 70 வயதில் 35 என்றால் அதை வைத்துப் பயப்பட ஒன்றும் இல்லை.

சரி, சிஆர்பியை மருந்து போட்டு இறக்கிவிட்டால் மாரடைப்பு நின்றுவிடுமா? பிறவியிலேயே சிஆர்பி அதிகம் சுரக்கும் மரபணு உள்ளவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வரவில்லை. ஆனால் இன்டர்லூக்கின்-6 சொல்வதை உடல் குறைவாகக் கேட்கும்படியான மரபணு உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவு என்று 2012இல் தெரிந்தது. கோயில் படியைக் கழுவி வெள்ளத்தை நிறுத்த முடியாது, அணையில்தான் கை வைக்க வேண்டும். 2017இல் அதையும் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேர், அழற்சியை அதன் தொடக்கத்திலேயே தடுக்கிற கனாகினுமாப் என்ற ஊசி, கொழுப்பு அளவு துளியும் மாறவில்லை, அழற்சி மட்டும் இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. அழற்சி வெறும் சாட்சி இல்லை என்று அன்றைக்குத்தான் உறுதியானது. ஆனால் அந்த ஊசி போட்டவர்களில் தொற்றால் இறந்தவர்கள் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் நம் வேலியோரத்துச் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிற கொல்கிசின், கீல்வாதத்துக்குப் பழைய மருந்து, வெள்ளையணுக்களை நகரவிடாமல் மட்டுப்படுத்தும். 2019, 2020இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், தினம் அரை மில்லிகிராம் சாப்பிட்ட இதய நோயாளிகளுக்கு அடுத்த தாக்குதல் குறைந்தது. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. விவாதம் இன்னும் ஓடுகிறது. கிழங்கை மட்டும் யாரும் தோண்டித் தின்றுவிடாதீர்கள், கொடிய விஷம் அது.

பெரியப்பாவுக்குப் பல்லைப் பிடுங்கி மூன்று வாரம் கழித்து நுண்ணளவு சோதனை எடுத்தோம். 3.4. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுதி, ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கினார். அது கொழுப்போடு அழற்சியையும் இறக்கும். பீடியை விட்டு நாலு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் மறுபடி எடுக்கப் போகிறோம், அதற்குள் சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் ஒரு மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு.