பழைய பங்களாவுக்கு சிமெண்ட் பூசாதீங்க

"போன வருஷம்தான் சார் லட்சக்கணக்குல செலவு பண்ணி சிமெண்ட் பூசினோம், அதுக்குள்ள இப்படி உதிருது." பழைய வீடுகளைப் பார்க்கப் போனால் வாசலிலேயே எனக்குக் கிடைக்கும் வரவேற்பு இதுதான்.

கடைசியாகப் பார்த்தது சென்னையில் ஒரு விக்டோரியா காலத்து பங்களா. போர்ட்டிகோ, உருண்டைத் தூண்கள், இரண்டடி கனத்தில் சுவர். விரல் முட்டியால் தட்டினேன், டொக்கென்று சத்தம். ஒரு தட்டு அளவுக்குப் பூச்சைப் பெயர்த்தால் உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, செங்கல் மிளகாய்த்தூள் மாதிரி கொட்டுகிறது.

அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே உறைந்து செங்கல்லைத் தின்னும், சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு விட்டத்தின் முனை உளுத்துப்போகும், அப்புறம் அந்த விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் சேர்ந்து இறங்கும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். தேடணும், காத்திருக்கணும், அவ்வளவுதான்.

சுவருக்கும் முன்னால் மொட்டை மாடிக்குப் போங்கள், அதுவும் மழை பெய்யும்போது. தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, கைப்பிடிச் சுவரில் எங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

"பேசாம பூட்டி வெச்சிடலாமா சார்?" என்றார் வீட்டுக்காரர். அது அதைவிட மோசம்! மெரினா ஐஸ் ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. பனிக்கட்டி வியாபாரம் படுத்தபின் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கினார். பிறகு சகோதரி சுப்பலட்சுமியின் விதவையர் விடுதி, இப்போது விவேகானந்தர் இல்லம். ஆள் புழக்கம் இருந்ததால்தான் அது நிற்கிறது என்பது என் கணக்கு.

நம் பங்களாவில் சிமெண்டை உரித்துவிட்டு, சுவர் காயட்டும் என்று ஒரு கோடை முழுக்க அப்படியே விட்டிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்களாம். வாரம் தவறாமல் போன் வருகிறது, "எப்ப சார் பூசுவீங்க?" நேற்றும் போய்த் தொட்டுப் பார்த்தேன், கீழ் மூன்றடி இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது.