காளான் கொட்டில் போடுவதற்கு முன் நாலு பேரிடம் கேளுங்கள்

இந்த மாதமும் ஒரு தங்கச்சி தம்பலகாமத்தில் இருந்து போன் எடுத்தார். "சேர், காளான் போட்ட 500 பையும் ஒரேயடியாப் பூத்திட்டுது, எடுக்கிற ஆக்கள் யாரும் இருக்கினமா?" விவசாயப் போதனாசிரியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை, பயிர்தான் மாறும். முன்பு பப்பாசி, பிறகு டிராகன் பழம், இப்போது காளான். பப்பாசி என்றாலும் நாலு நாள் பொறுக்கும். சிப்பிக் காளானைப் பறித்து வெளியே வைத்தால் நம்ம ஊர் வெக்கைக்கு மறுநாளே ஓரம் மஞ்சளாகி, பக்கெற்றுக்குள் வியர்த்து, வாடை வந்துவிடும்.

எனக்கு எரிச்சல் தருவது அந்தக் கொப்பிக் கணக்குத்தான். பை ஒன்றில் இத்தனை கிராம், அதைப் பைகளால் பெருக்கு, அதையும் சுப்பர் மார்க்கெட்டில் ஒட்டியிருக்கும் விலையால் பெருக்கு, வந்தது வருமானம்! அந்த விலை உங்களுடையது இல்லை, ஐயா. கடைக்காரரின் பங்கு, குளிரூட்டிக்கு வரும் கரண்ட் பில், விற்காமல் எறியும் பக்கெற்றின் நட்டம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பல கடைகள் விற்ற பக்கெற்றுக்கு மட்டும்தான் காசு தரும், மிச்சத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிற உங்கள் கைக்குக் கூலி போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். "மிஞ்சினால் காயவைக்கலாம்" என்கிறார்கள், பத்துக் கிலோவைக் காயவைத்தால் ஒரு கிலோதான் தேறும், அதுவும் மாரியில் வெயிலுக்கு எங்கே போவது?

அடுத்தது, "நிலாவெளியில் அவ்வளவு ஹோட்டல் இருக்கே" என்ற நம்பிக்கை. இருக்கிறது, சரி. வெள்ளைக்காரர் வருகிற சீசன் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் மட்டும்தான், மழை தொடங்கினால் கடற்கரை அடங்கிவிடும். அந்தச் சீசனில்தான் கச்சான் காற்றும் அனலாக வீசும், கொட்டிலுக்குள் 30 பாகை தாண்டினால் விளைச்சல் படுத்துவிடும். தகரம் போடாதீர்கள், கிடுகு போட்டு, சுற்றிவர ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள். மாரியில் ஹோட்டல் இல்லாவிட்டாலும் கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று மரக்கறிச் சமையல் நடக்கிற வீடுகள் டவுனில் நிறைய, வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வியாழன் பின்னேரம் பறித்துக் கொடுத்தால் போகும். (காளானையும் மச்சம் என்று ஒதுக்குகிற வீடுகளும் உண்டு, அவர்களோடு வாதாடாதீர்கள்.)

தயவுசெய்து 500 பையை ஒரே நாளில் போடாதீர்கள். கிழமைக்கு 50 போடுங்கள். காளான் வித்து பை முழுக்கப் பரவ மூன்று நாலு கிழமை, அதற்குப் பிறகு ஒரு கிழமை, பத்து நாளுக்கு ஓர் எடுப்பு (பறிப்பு), முதல் எடுப்பில்தான் அதிகம். இப்படிப் பிரித்துப் போட்டால் எப்போதும் கொஞ்சம் கையில் இருக்கும், வாங்குகிறவருக்கும் தேவைப்படுவது அதுதான்.

ஹோட்டலுக்குப் போனால் முதலாளியைத் தேடாமல் குசினியில் செஃப்பைப் பாருங்கள். எந்தெந்த நாள் வேண்டும், எத்தனை கிலோ, காசு எப்போது வரும் என்று கேளுங்கள். பாதிப் பேர் மாதக் கடைசியில்தான் தருவார்கள், அதுவரை அடுத்த கிழமைப் பைகளுக்கு மரத்தூளும் தவிடும் வாங்க உங்களிடம் காசு இருக்க வேண்டும். இல்லையென்றால் 20 பையோடு தொடங்குங்கள், கொட்டிலுக்குக் கம்பு வெட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.