பட்டும் படாமலும் ஒட்டும் மூலக்கூறுகளை அளப்பது எப்படி?

மருந்துத் தேடலின் தொடக்கத்தில் கையில் சிக்குபவை பெரும்பாலும் 200 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) அளவிலான குட்டி மூலக்கூறுகள். புரதத்தில் பட்டும் படாமலும் ஒட்டி, ஒரு நொடிக்குள் கழன்றுவிடும். கழுவிவிட்டுப் பார்க்கும் சோதனைகளில், கழுவும்போதே போய்விடும். ஒட்டியிருக்கும்போதே பார்க்கத்தான் பிளாஸ்மான் ஒத்ததிர்வு சென்சார்.

சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலம்; ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் பதித்த புரதமும் அதன்மேல் ஓடும் கரைசலும். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஒளியின் ஆற்றலைத் தங்கத்தின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ள, எதிரொளி மங்கும். பரப்பில் நிறை கூடினால் ஒளிவிலகல் எண் மாறி அந்தக் கோணம் நகரும். அந்த நகர்வைச் சென்சார் ஆர்யூ என்ற அலகில் காட்டும்; 1 ஆர்யூ என்பது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1 பிக்கோகிராம் புரதம்.

40,000 டால்டன் புரதத்தை 4,000 ஆர்யூ பதித்திருந்தால், 200 டால்டன் மூலக்கூறு எல்லா இடத்தையும் நிரப்பினாலும் 20 ஆர்யூதான். பிரிகை மாறிலி (பாதி இடம் நிரம்பத் தேவையான செறிவு) 1 மில்லிமோலார், செலுத்துவது 0.5 மில்லிமோலார் எனில் மூன்றில் ஒரு பங்கே நிரம்பும்: ஏறக்குறைய 7.

இந்த 7-ஐ விழுங்கக் காத்திருப்பது, மூலக்கூறுகளைக் கரைத்து வைக்கும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ. ஓடும் பஃபருக்கும் (சென்சாரில் தொடர்ந்து ஓடும் அடிப்படைக் கரைசல்) மாதிரிக்கும் இடையே அதன் அளவில் 0.1 சதவீத வேறுபாடு இருந்தாலே நூறு ஆர்யூவுக்கு மேல் குதிக்கும். புரதமற்ற ஒப்பீட்டுத் தடத்தைக் கழித்தாலும் முழுதாகப் போகாது. புரதம் அடைத்துக்கொண்ட இடத்தில் கரைசல் இல்லையே! அதனால் 5 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்த பஃபர் என்றால், 4.5 முதல் 5.8 சதவீதம் வரை டிஎம்எஸ்ஓ உள்ள தனிக் கரைசல்களை ஓட்டித் திருத்தக்கோடு வரைவார்கள். மாதிரியை நீர்க்கச் செய்வதும் ஓடும் பஃபராலேயே. தட்டை மூடாமல் வைத்தால் நீர் ஆவியாகி இத்தனை கவனமும் வீண்.

நேரத்துக்கு எதிரான ஆர்யூ வரைபடம் பெட்டிபோல எழுந்து விழும். அதில் வேகமாறிலி (ஒட்டும், கழலும் வேகம்) தேடாதீர்கள். மேல்மட்ட உயரத்தைச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். பிரிகை மாறிலியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பல மடங்குவரை செறிவு வேண்டும். கரைதிறன் பெரும்பாலும் இடம் தராது. அப்போது கிடைக்கும் வளையாத நேர்கோட்டிலிருந்து உச்ச அளவையும் (எல்லா இடமும் நிரம்பினால் வரும் ஆர்யூ) பிரிகை மாறிலியையும் தனித்தனியே பிரிக்க முடியாது; நன்றாக ஒட்டும் வேறொரு மூலக்கூறில் கிடைத்த உச்சத்தை நிறைக்கேற்பச் சுருக்கி, அதையே நிலையாக வைக்க வேண்டும்.

கணக்கிட்ட உச்சமான 20 ஆர்யூவைத் தாண்டி ஏறினால் மகிழ வேண்டாம், மூலக்கூறுகள் திரண்டு அப்பியிருக்கலாம். 0.05 சதவீதம் ட்வீன்-20 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் கோடு அடிமட்டத்துக்குத் திரும்பவில்லையா, அந்த மூலக்கூறை ஒதுக்கிவிடலாம். ஒழுங்கானது, பஃபர் மட்டும் ஓடினாலே சில நொடிகளில் கழன்றுவிடும்.