பெல்டை இறுக்கும் முன் ஒரு கணக்கு

சம்பா அறுவடை தொடங்கினால் போதும், மன்னார்குடிப் பக்கத்து ரைஸ் மில்களிலிருந்து அதே போன்தான். "சார், போட்ட பேரிங் திரும்பவும் போயிடுச்சு. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்." களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது ஓனருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் போன வாரம் கழற்றியது ஒரிஜினல்தான். அவுட்டர் ரேஸில், அதாவது ரோலர்கள் உருளும் வெளி வளையத்தில், மோட்டார் இருக்கும் பக்கம் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தது; எதிர்ப்பக்கம் பளபளவென்று புதுசு போல. பெல்டை எவ்வளவு இறுக்கி மோட்டார் பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார்கள் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. பெல்டை இறுக்க இறுக்க பேரிங் மேல் லோடு ஏறும்.

"லோடு ரெண்டு மடங்கானா ஆயுசு பாதியாகும், அவ்வளவுதானே?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு எரிச்சல் வரும். அவ்வளவு இல்லை, ஐயா. கேட்டலாக்கில் உள்ள டைனமிக் கெபாசிட்டியை (சுழலும் பேரிங்கின் தாங்குதிறனைக் குறிக்கும் எண்) லோடால் வகுத்து, ரோலர் பேரிங் என்றால் 10/3 அடுக்குக்கு உயர்த்துங்கள். கிடைப்பது மில்லியன் சுற்றுக் கணக்கில் ஆயுள். லோடு கெபாசிட்டியில் பத்தில் ஒரு பங்கு, வேகம் 600 ஆர்பிஎம் என்றால் சுமார் 60,000 மணி நேரம். லோடை இரட்டித்துப் போடுங்கள்: சுமார் 6,000. பாதி எங்கே, பத்தில் ஒன்று எங்கே!

இத்தனைக்கும் ரோலரும் ரேஸும் தொடும் இடத்தில் அழுத்தம் ஏறுவது 41 சதவீதம்தான். கோடாகத் தொடுவதால் அது லோடின் வர்க்கமூலப்படி ஏறும். 1880-களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் போட்டுவைத்த கணக்கு. அந்த 41 போதும். சுத்தமாக ஓடும் பேரிங்கில் வெடிப்பு மேற்பரப்புக்குக் கீழேதான் பிறக்கும். மேலே தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பதில் பிரயோஜனமில்லை.

60,000 என்பதும் கேரண்டி இல்லை. நூறு பேரிங்கில் பத்து அதற்கு முன்பே போகலாம் என்று ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு அது. தவிட்டுத் தூசி கிரீஸில் கலந்துவிட்டால் அதையும் மறந்துவிடுங்கள்.

பெல்ட் வழுக்கினால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, பெல்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா, முதலில் பாருங்கள். இரண்டு புல்லியும் நேராக நிற்கிறதா என்று நூல் பிடியுங்கள். ஃபிட்டர் தம்பி, ஷாஃப்டில் பேரிங் ஏற்றும்போது அவுட்டர் ரேஸில் சுத்தியலால் அடிக்காதே. அடி ரோலர் வழியாக இறங்கி, ஓடத் தொடங்கும் முன்பே ரேஸில் குழி விழுந்துவிடும்.

அடுத்த முறை கழற்றினால், மோட்டார் பார்த்த பக்கத்தில் ஒரு பெயிண்ட் கோடு போட்டு எடுத்து வையுங்கள். நான் வந்து பார்க்கும்வரை தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.