கணக்கில் ஒன்பது பேர்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே என் நோயாளி ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கிளினிக்கில் ஐப்பசியில் மாத்திரையைக் கூட்டுவதும் பொங்கலுக்குள் குறைப்பதும் எங்கள் இருவருக்கும் பழகிப்போன சடங்கு. உப்பு, முறுக்கு, ஆட்டிறைச்சி என்று வழக்கமான காரணங்களைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். நான்காவது வருஷம் அவர் மனைவி கதவருகில் நின்றபடியே சொன்னார்: "பட்டாசு வெடிக்கிற மாசம் பூரா இவரு தூங்கறதில்ல டாக்டர். நடுராத்திரி எழுந்து எங்கள எண்ணுறாரு."

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்; ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் பார்த்து வளர்ந்த பையன், இராணுவத்தில் சேர்ந்து அங்கேயும் காலையில் அதே பெரட்டில் நின்றார். (பரேட் என்ற சொல்லைத்தான் நம் பாட்டன்மார் பெரட்டு ஆக்கினார்கள்.)

2007 முதல் மலேசியா ஐ.நா. அமைதிப்படைக்காகத் தெற்கு லெபனானுக்கு வீரர்களை அனுப்பி வருகிறது. அப்படிப் போனபோது அவர் கோப்பரல். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்குத் தலைவர். தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காக்கவும் தவிர சுடக்கூடாது என்பது அமைதிப்படையின் அடிப்படை விதி. தலைக்கு மேலே பறப்பது யாரோ யாருக்கோ விட்ட குண்டு. திருப்பிச் சுட்டால் கொஞ்சம் மனசு ஆறும், அதற்கும் வழியில்லை. பதுங்குகுழிக்குள் ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்படி ஓர் இரவு. விளக்கு இல்லை. ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார், மறுபடியும் ஒன்பது. யாரை மேலே விட்டுவிட்டு வந்தோம்? கத்திக் கூப்பிட்டால் மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. விடியும்வரை அந்தப் பத்தாவது ஆளைத் தேடிக்கொண்டே இருந்தார். ஆற்றைக் கடந்த சீடர்கள் தன்னை விட்டுவிட்டு எண்ணிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்துச் சிரித்திருக்கிறோம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

தலைமை என்றால் துணிச்சல் என்றே பேசிப் பழகிவிட்டோம். நான் பார்த்தவரையில் தலைவனை அரிப்பது துணிச்சல் கேட்கும் தருணம் அல்ல, தூக்கமில்லாத பதினைந்தாவது நாள். தன் ஆட்களை முறை வைத்துத் தூங்கச் சொல்வான், அவன் தூங்கமாட்டான். அதைத் தியாகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் கார் ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பும் அதேதான். குடித்தவன் கையில் பத்து உயிரைக் கொடுப்போமா?

பொறுப்பில் இருப்பவனுக்கு இன்னொரு புண்ணும் உண்டு. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க நம் படையின் கொண்டோர் கவச வண்டிகள் போயின. அமெரிக்கப் படையினர் ஏறுவதற்காக நம் காலாட்படையினரை இறங்கச் சொன்னார்கள். வண்டியோட்டியும் சுடுபவரும் வண்டித் தலைவரும் மட்டும் நம்மவர்கள். அன்றிரவு வண்டியோட்டி மாட் அஸ்னான் அவாங் உயிரிழந்தார். 'நீ இறங்கு, நீ போ' என்று சொல்ல வேண்டியிருந்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை வகித்த கனடிய ஜெனரல் ரோமியோ டலேர், 1994 ஜனவரியிலேயே ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்ற அனுமதி கேட்டார். மேலிடம் மறுத்தது. ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கிய பிறகு, இருந்த படையையும் சில நூறு பேராகக் குறைத்தார்கள். 2000இல் மனக்காயத்தால் இராணுவத்தை விட்டு விலகிய அவர், அதை மூடி மறைக்காமல் வெளியில் பேசினார். ஜெனரலே பேசியபோது நம் கோப்பரல் பேசுவதில் என்ன வெட்கம்?

2024 நவம்பரில் லெபனானின் சைடோன் அருகே, பணியிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த நம் வீரர்களின் வாகன வரிசைக்குப் பக்கத்திலேயே தாக்குதல் நடந்தது. சிலருக்கு லேசான காயம் என்று செய்தி வந்தது. காதில் விழுந்த சத்தத்தை எந்தச் செய்தியும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், கல்யாணக் கூட்டத்தைத் தவிர்த்தல், காரணமில்லாத கோபம், கூடிக்கொண்டே போகும் குடி. இவை ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் 'பட்டாளத்துக்காரன் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். இங்கே முதலில் முனியாண்டி கோயிலுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். நான் தடுப்பதில்லை, வரும் வழியில் அரசாங்கக் கிளினிக்கிலும் இறங்கச் சொல்கிறேன். அங்கிருந்து மனநல நிபுணரிடமோ மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார்கள். வெளியே வரத் தயங்குபவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் மனநலத் தொலைபேசிச் சேவையை 15555இல் அழைக்கலாம். அந்தப் பயத்தைப் படிப்படியாக எடுத்துப் பேசும் சிகிச்சை இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது (நான் செய்த மாதிரி) சிகிச்சை ஆகாது.

அவர் ஏழெட்டு மாதம் அந்தச் சிகிச்சைக்காக ஈப்போவுக்குப் போய் வந்தார். போன தீபாவளிக்கு முந்தின வாரம் கிளினிக்குக்கு வந்தவர் கையை நீட்டிவிட்டு, பழைய செக்‌ஷன் ஆள் ஒருவனுக்குப் போன் போட்டதாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த இரவைப் பற்றி இருவரும் பேசியதே இல்லையாம்.

"அவனும் அன்னிக்கு இருட்டுல எண்ணியிருக்கான் டாக்டர்."

"எத்தனை வந்துச்சாம்?"

"பத்து."